ஏழாம் நம்பர் ஆடு

வயிற்றெரிச்சல் என்றே சொல்லிவிடுகிறேன். உளவியல் பேராசிரியையான நான் அதற்கு நாகரிகமான சொல் தேடலாம்தான். எனக்குப் பொறுமை இல்லை.

மனிதர்களும் விலங்குகளும் எதை, எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. போன வருடம் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஓர் அம்மாவின் பட்டியில் பன்னிரண்டு வெள்ளாடுகளுக்கு நம்பர் போட்டு, ஒரு மாதம் தினமும் என் கையாலேயே கடலைப் பிண்ணாக்கு வைத்தேன். திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் மூட்டையை ஏற்றி வந்ததும் நான்தான். என்னோடு வந்திருந்த இளம் விரிவுரையாளர் சும்மா கூடவே நின்றாள். தீனி கொடுத்த கையை ஆடு மறக்காது என்பது என் கட்சி. இத்தனை வருடமாக வகுப்பில் அதைத்தான் அடித்துப் பேசி வருகிறேன்.

பத்து மாதம் கழித்து இருவரும் திரும்பப் போனோம். பட்டியின் இரண்டு மூலைகளில் வெறுங்கையோடு ஆளுக்கொரு பக்கம் நின்றோம். ஆட்டுக்கார அம்மா ஏழாம் நம்பரை அவிழ்த்துவிட்டார். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேராக அவளிடம் போய் முழங்காலில் தலையால் முட்டியது.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது, இடம் மாறிக்கலாம்" என்றேன். மாறினோம். மறுபடியும் அவளிடமே போனது. அடுத்தடுத்து விட்ட ஆடுகளும் பெரும்பாலும் அவள் பக்கம்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"ஏம்மா, தீனி வெச்சது நான்தானே?" என்று ஆட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். ஆட்டிடம் கேட்க முடியாதே.

"ஆமா மேடம். வெச்சிட்டு நீங்க நோட்ட தூக்கினு போய்டுவீங்க. சின்ன மேடம்தான் கொம்பாண்ட சொறிஞ்சி வுட்டுனு, பேர் சொல்லி இன்னாமோ பேசினு கெடப்பாங்க."

பேரா? ஏழுக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. அவளுக்கோ பன்னிரண்டு ஆடுகளின் பெயர்களும் மனப்பாடம். நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள்; ஆடுகள் காதைத் திருப்பின.

ஜீப் வருவதற்குள் முடிவை எழுத வேண்டும். காற்றின் மேல் பழியைப் போட்டு அன்றைய சோதனையையே தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் கட்சி தோற்றது உட்பட. அவள் எட்டிப் பார்த்து, "மேடம், பக்கத்துல பேரையும் போட்டுடலாமே" என்றாள்.

காதில் விழாததுபோல் ஏழு என்றே எழுதினேன். அந்தப் பெயர் மட்டும் இன்னும் மறந்து தொலையவில்லை.