வெங்கடப்பா பட்டிக்குத் திரும்பிய எட்டாவது பசு

கிருஷ்ணகிரியில் காலை ஏழே காலுக்கு ராயக்கோட்டை பஸ் ஏறினேன். 1968, ஆடி மாதத்துப் புதன்கிழமை. டிக்கெட் தொண்ணூறு காசு. முப்பது கிலோமீட்டர் போக வண்டி ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. நின்ற இடங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

நான் கிளம்பியதற்குக் காரணம் வெறும் ஆவல்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார், சேரும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஒரு பசுவும் கொடுத்தார் என்று கிருஷ்ணகிரி நண்பர் சொல்லியிருந்தார். பசுவை வாங்கிக்கொண்டு பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டால் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். நண்பருக்குத் தெரியவில்லை. தெரியாததை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கும் சுபாவம் எனக்குக் கிடையாது.

ராயக்கோட்டையில் கோட்டை மலைக்குக் கீழே சாலையோரமெல்லாம் தக்காளிக் கூடைகள். டீ பன்னிரண்டு காசு. கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கிலும் இன்னொருவரிடம் கன்னடத்திலும் சண்டை போட்டுவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார்.

“வெங்கடப்பா பட்டிங்களா? ஓசூர் வண்டியில ஏறி ஏழாவது கிலோமீட்டர்ல எறங்கிக்கோங்க. அவரு பங்குனியில செத்துட்டாரு சார். சம்சாரம் கீறாங்க.”

நாலு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. இருந்தாலும் ஏறினேன். இறங்கும்போது கண்டக்டர், “சாயங்காலம் ஆறு பத்துக்கு ஓசூர்லருந்து திரும்பற வண்டிய விட்டுடாதீங்க. அதுக்கு மேல சானமாவு காட்டுல யானை எறங்கிட்டா வண்டி வராது” என்றார்.

பத்து மணி. கல்பலகைகளை நட்டு வேலி போட்ட பெரிய மாட்டுப் பட்டி. அதை ஒட்டியே, அதே கல்பலகைகளால் கட்டிய மூன்று அறைப் பள்ளிக்கூடம். சாண வாசனையும் வாய்ப்பாடும் சேர்ந்தே வந்தன. வெங்கடப்பாவின் மனைவி கௌரம்மா ஒரு காளையின் குளம்பில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு மோர் கொடுத்தார்.

அவர் சொன்னது இது. வெங்கடப்பா சிறுவயதில் ஊரார் மாடுகளை மேய்த்தவர். நாற்பது வயதுக்குள் சொந்தப் பட்டி போட்டுவிட்டார். ஒரு சந்தையில் என்னவென்று தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்; பன்னிரண்டு மாடுகள் போயின. அந்த வருஷமே பள்ளிக்கூடத்துக்குக் கல் இறக்கினார். இந்தப் பக்கத்தில் பசுவை வாரத்துக்கு விடுவது வழக்கம். மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், பலனில் இருவருக்கும் பங்கு. வெங்கடப்பா பங்கு கேட்கவில்லை. பெண் பள்ளிக்கு வரும்வரை பசு அந்த வீட்டில் நிற்கும். பெண் பள்ளியை விட்டு நின்றால் பசு பட்டிக்குத் திரும்ப வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை.

“புள்ளைங்க பேரு அவருக்கு நெனப்புல நிக்காது. காலையில வாசப்படியில நின்னுகினு, மயிலைப் பசு வூட்டுப் பொண்ணு வந்துச்சா, கொம்பு வளைஞ்சது வூட்டுப் பொண்ணு எங்கன்னு கேப்பாரு” என்றார் கௌரம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மணி நாலரை இருக்கும். சவரிமுத்து என்கிற கூலிக்காரர் ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கன்றைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் பிலோமினா, ஏழாம் வகுப்பு. பசுவைக் குளிப்பாட்டி ஓட்டி வந்திருந்தார்கள்.

“மாட்ட கட்டிக்கோங்கம்மா. புள்ளைய ஆனேக்கல்லுக்கு அனுப்பறேன். பட்டு நூல் எடுக்கற கொட்டாயில வேலை. அங்கியே தங்கிக்கணும்” என்றார் சவரிமுத்து.

“எப்போ?”

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் ஆளு வந்து கூட்டிகினு போவாரு. நாலு புள்ளைங்க, நான் ஒருத்தன் கூலிங்க. முடியலீங்கம்மா.”

பிலோமினா கன்றின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. ஊர் பேர் தெரியாதவன் என்ன சொல்வது?

கௌரம்மா வாதாடவில்லை. கயிற்றை வாங்கிப் பசுவைக் கட்டினார். கறக்கும் நேரம் என்று செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டி, மடியைப் பிடித்தார். செம்பின் அடி நனைந்ததோடு சரி.

“பால எக்கிக்கினு நிக்குது. யாரு கறப்பீங்க இத?”

“இவதாங்க. வேற கைக்கு விடாது.”

கௌரம்மா எழுந்துகொண்டார். பிலோமினா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செம்பு நுரைத்து வழிந்தது.

“கறக்காம விட்டா மடி கட்டிக்கும், சவரி. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் புள்ள வரட்டும். கூட ரெண்டு மாடு கறக்கட்டும். ஆனேக்கல்காரரு குடுக்கற கூலிய நான் குடுக்கறேன். நடுவுல வெயில்ல மூணு கிலோமீட்டர் போயி திரும்பறது எதுக்கு? பள்ளிக்கூடத்துல நெழல் இருக்குது, ஒக்காந்திருக்கட்டும்.”

சவரிமுத்து செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “வர்ற ஆளுக்கு நான் என்னாம்மா சொல்றது?” என்றார்.

“மாடு விடலன்னு சொல்லு.”

அவர் தலையாட்டினார். பசுவைப் பட்டியிலேயே விட்டுவிட்டு இருவரும் போனார்கள். மறுநாள் விடிகாலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் போனாள்.

ஐந்தே முக்காலுக்கு நான் விடைபெற்றேன். கேட்காமல் வர முடியவில்லை. “உங்கள் கைக்கு அந்த மாடு நிஜமாகவே பால் விடவில்லையா அம்மா?”

“நாப்பது வருசமா கறக்கறேன். எனக்கு விடாத மாடு எது?”

“உங்கள் வீட்டுக்காரர் இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பாரா?”

“கயித்த வாங்கிகினு கதவ சாத்தியிருப்பாரு. சொன்னா சொன்னதுதான் அவருக்கு. அவரு காலத்துல ஏழு மாடு இப்படித் திரும்பி வந்துச்சி. ஏழும் நல்லாதான் இருந்துச்சிங்க. அந்த ஏழு பொண்ணுங்கள நான் அப்புறம் பாக்கல.”

ஆறு பத்து வண்டி ஆறரைக்கு வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கத் தோன்றவில்லை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் என் தங்கையை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நிறுத்தலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது வேலை கிடைத்துச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தொழுவத்தில் இரண்டு பசுக்கள் வேறு. அவளை நிறுத்தியதற்காக எதையும் யாரிடமும் ஓட்டிக்கொண்டு போய்க் கட்ட வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை.