முதுகு காட்டிய மட்டை

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு முழுக்க மேல்காற்று அடித்ததில் ஜன்னல் விளிம்பெல்லாம் கரிசல் தூசி, ஈரத்துணியால் துடைத்தேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். டைரியில் முந்தைய நாளுக்கு 'வெயில் கடுமை' என்று எழுதியிருந்ததை அடித்து, 'வெயில், காற்று' என்று திருத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இரண்டு பூஜை நடக்கும். மனைவி சாமி படங்களுக்குப் பூ வைப்பாள். நான் தையல் மிஷினின் வயிற்றைத் திறந்து பிரஷ்ஷால் நூல் தூசியைத் தட்டுவேன். எனக்குத் தெரிந்து, மிஷின் மட்டும்தான் இதுவரை பதில் மரியாதை செய்திருக்கிறது.

தீப்பெட்டி லேபிள் அச்சிடும் அச்சகத்தில் மேற்பார்வை வேலை எனக்கு. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுகின்றனவா என்று பார்த்துப் பார்த்தே ஐம்பது வயதைத் தாண்டியவன். அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகளுக்குச் சடங்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள் உடுத்துவது தாய்மாமன் கொண்டுபோகும் சேலையும் ரவிக்கையும்தான். அந்த ரவிக்கைக்குத் தாய்மாமனே உட்கார்ந்து எம்ப்ராய்டரி போடுவது எங்கள் சொந்தத்தில் இதுவே முதல் தடவை.

இந்த நிலைமைக்கு நான் பாதிதான் பொறுப்பு. மாசி மாதம் மனைவி கேட்டது சேலை ஓரம் அடிக்க ஒரு மிஷின். அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே தைக்க ஒன்று, பூப்போட ஒன்று, இரண்டையும் செய்ய ஒன்று என்று மூன்று வகை இருந்தன. இரண்டையும் செய்யும் மிஷினில் என்ன கழற்றினால் என்ன மாறும், கழற்றியதை எங்கே வைப்பது, பூப்போட்டுக் கொண்டிருக்கும்போது அவசரமாக ஒரு கிழிசலைத் தைக்க முடியுமா (முடியாது), பாதியில் கரண்டு போனால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டேன். நின்றுகொண்டு பதில் சொல்ல ஆரம்பித்த கடைக்காரர் ஒரு கட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாரவிய கூட இம்புட்டுக் கேக்க மாட்டாவ."

"பொண்ணுக்கு வாரண்டி கிடையாதுல்லா" என்றேன்.

"மாப்பிள்ளைக்கும் கிடையாது" என்றாள் மனைவி, கடைக்காரரைப் பார்த்து.

ஒரே மேசை, ஒரே பிளக் என்ற நியாயத்தில் இரண்டையும் செய்யும் மிஷினை வாங்கினேன். வீட்டில் இறக்கியதும் மனைவி அதன் திரையையும், பக்கவாட்டில் மாட்டும் கையையும், துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிரேமையும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். "நான் கேட்டது சைக்கிள். நீங்க ஏரோப்ளேன் வாங்கியிருக்கீங்க. நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

ஓட்டினேன். கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டுத்தான் தொட்டேன். முதலில் என் கைக்குட்டையில் ரோஜா போட்டேன். மேலே ரோஜா, அடியில் குருவிக்கூடு. அடியில் ஓடும் பாபின் நூலைச் சரியாக மாட்டாவிட்டால் அப்படித்தான் வரும் என்பது கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அடுத்தது தலையணை உறை. உறையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்து, தலையணை நுழைய வழியில்லாத உறை ஒன்றை உருவாக்கினேன். "பரவால்ல, கொசுவும் நுழையாது" என்றாள் மனைவி. துணி சுருங்காமலிருக்க அடியில் ஒரு தாள் வைக்க வேண்டும். கடையில் கொடுத்த சுருள் சித்திரைக்குள் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு அச்சகத்தில் நிறம் பிசகி ஒதுக்கிய கிளி மார்க் லேபிள் தாள்களை வைத்தேன். எங்கள் வீட்டு மேசைவிரிப்பின் மேற்பக்கம் தாமரை. புரட்டிப் பார்த்தால் தையலுக்கிடையே கிளிகளின் மூக்குகள்.

இப்படி நான் ஓரளவு தேறியிருந்தபோதுதான் தங்கை மகள் பெரியவளானாள். கோடைகால ஹாக்கி பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவளைத் தீட்டு என்று தனி அறையில் உட்கார வைத்தார்கள். தீட்டு போனுக்குக் கிடையாது என்பதால் என்னை அழைத்தாள்.

"மாமா, மயிலு கியிலு போட்டுராதீங்க. முதுகுல ரெண்டு ஸ்டிக், குறுக்கால. கீழ ஒரு பந்து."

"உங்க அப்பா என்னையக் குறுக்கால போட்டுருவாவளே."

"சடங்கு முடிஞ்சதும் ஸ்டிக்கப் பரண்ல போடணும்னு சொல்லிட்டாவ மாமா. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குதாவ. அன்னைக்கே டீம் செலக்‌ஷன். மாமன் சீர வேண்டாம்னு சொல்ல யாராலயும் முடியாதுன்னு அம்மாதான் சொன்னா. அம்புட்டுப் பேரு முன்னால அதப் போட்டு உக்காந்துட்டா, பொறவு எந்த மூஞ்சிய வச்சுப் பரண்ல போடுவாவ?"

சம்பிரதாயத்தை அவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை ரவிக்கை அவள் அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மிஷினுக்குள் ரோஜா, அன்னம், நங்கூரம், ஐஸ்கிரீம் எல்லாம் இருந்தன. ஹாக்கி மட்டை இல்லை. ஹாக்கிக்குப் பேர்போன எங்கள் கோவில்பட்டியிலும் விற்கப் போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் செய்திருக்கிறார்கள். தேடித் தேடி, ஆங்கில எழுத்துகளில் 'ஜே'யைப் பிடித்தேன். அதை நீட்டினேன், சாய்த்தேன். அதையே கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி எதிர்ப்பக்கம் சாய்த்தேன். ஒரு முற்றுப்புள்ளியைப் பெரிதாக்கியதில் பந்தும் கிடைத்தது. இடமும் வலமும் அப்படி ஒரு ஒழுங்கு. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, மாம்பழ நிறப் பட்டின் முதுகுத் துண்டை ஃபிரேமில் பூட்டி ஓடவிட்டேன். முதல் மட்டை முடிந்து இரண்டாவது மட்டை பாதியில் இருக்கும்போது வாசலில் பைக் சத்தம். தங்கையின் கணவர். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். சீர்த்தட்டு எந்த வழியாக வரும் என்று கேட்க வந்திருந்தார். மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆனால் ஃபிரேம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. மூடினால் துண்டும் சேர்ந்து தைபடும். நிறுத்தலாம் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. மாப்பிள்ளை உள்ளே வந்து மிஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், கொடையா போடுதீங்க?"

"ஆமண்ணே" என்றாள் மனைவி. "மழை வரணும்னு ஒரு நேத்திக்கடன்."

காப்பி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் ஊசியையே பார்த்தார். இரண்டாவது மட்டை முடிந்தது. பந்து விழுந்தது. மிஷின் 'வேலை முடிந்தது' என்று ஊருக்கே கேட்கும்படி கூவியது.

"இது ஹாக்கி மட்டைல்லா?"

அவர் எழுந்து, வத்தல் சாக்கைச் சோதிப்பவர் போலக் குனிந்து பார்த்தார். பள்ளி நாட்களில் ஹாக்கி அணியில் ஹாஃப்பேக் ஆடியவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எவன் வரஞ்சது இத?"

"நான்தான்."

"ஒரு மட்டை சரியா நிக்கி. இன்னொண்ணு முதுகக் காட்டுது. எல்லா மட்டைக்கும் தட்டை ஒரே பக்கந்தான். முதுகுல பந்து பட்டா அம்பயர் விசிலடிச்சுருவான் மச்சான்."

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருந்தாத்தான மாப்பிள்ளை அழகு?"

"அழகுக்கா ஆடுதாவ?"

"ரவிக்கையில அது இருக்கதே முதுகுலதான" என்றாள் மனைவி. "மட்டையும் முதுகக் காட்டிட்டுப் போகட்டுமே."

அவர் சிரிக்கவில்லை. "மண்டபத்துக்கு வாரவன்ல பாதிப்பேரு கிரவுண்டுல முட்டியத் தேச்சவன். பாத்ததும் சிரிப்பான். இதப் போட்டு எம்பிள்ளைய உக்கார வைக்கக் கூடாது."

"அப்ப சரியா அடிச்சா உக்கார வைக்கலாமாண்ணே?"

அவர் காப்பியைப் பார்த்தார். "நான் அதச் சொல்லலம்மா."

"பொறவு என்னத்தச் சொன்னீங்க?"

"மட்டை தப்புன்னு சொன்னேன்." டம்ளரை வைத்துவிட்டு, வந்த காரியத்தைக் கேட்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் தங்கை போனில் அழைத்தாள். "அவிய வந்ததுலேர்ந்து யார்ட்டயும் பேசல. என்னண்ணே செஞ்சீங்க? ஸ்டிக்க இப்பவே பரண்ல ஏத்திட்டாவ, பிள்ளை அழுதுட்டுக் கெடக்கா." விஷயத்தைச் சொன்னேன். ரெடிமேட் ரவிக்கை வாங்க ஆள் அனுப்பிவிடுவார் என்று அவள் பயந்தாள். நானும்தான் பயந்தேன். மாமன் சீரை யாரும் மாற்ற முடியாது என்பதெல்லாம் சபையில்தான். இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டால் எந்த அப்பாவுக்கும் ஆயிரம் வழி உண்டு. மனைவி மிச்சமிருந்த பட்டில் இன்னொரு முதுகுத் துண்டை வெட்டி வைத்தாள். அதற்கு மேல் துணி இல்லை. நான் இரண்டாவது 'ஜே'யைப் பழையபடி நேராகத் திருப்பினேன். இப்போது இரண்டு வளைவும் ஒரே பக்கம் பார்த்தன. பார்க்கப் பார்க்க எனக்குப் பல் கூசியது. ஒரு பாதுகாப்புக்கு மயில் டிசைன் ஒன்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசல் கேட் ஆடியது. மாப்பிள்ளை. கையில் வத்தல் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று. பிரித்தார். தங்கை மகளின் மட்டை, பிடியில் பரண் தூசி.

"வளைவு இம்புட்டுப் பெருசா இருக்காது மச்சான். இதப் பாத்து அடிங்க. சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க. திங்கக்கிழமைக்கு கிரிப்பு மாத்தணும்."

நான் பல்கூடத் துலக்கவில்லை. முதல் வேலையாக மட்டையின் தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் கிடத்தி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, வளைவை அளந்து பென்சிலால் வரையத் தொடங்கினேன். சாக்கிலிருந்து பறந்த வத்தல் நெடியில் இருவரும் மாறிமாறித் தும்மினோம். கோடு இரண்டு இடத்தில் கோணியது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.