சம்மாந்துறை மில்லில் ஒரு கடகமும் நான்கு குட்டிகளும்

இறக்காமம் பக்கம் காட்டுப்பூனை பார்க்கப் போகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறீர்கள். என் முதல் பயணத்தையே சொல்லிவிடுகிறேன். அதில் நான் விட்ட பிழையை நீங்கள் விடாமல் இருந்தால் போதும்.

1982 பெப்ரவரி. விலங்கியல் இறுதியாண்டு விடுமுறையில் கல்முனையில் எங்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் பேராசிரியருக்கு அப்போது ஒரே கவலை. வயலோரக் காட்டுப்பூனைகள் ஊர்ப்பூனைகளோடு கலந்துகொண்டே போனால், காட்டு இரத்தம் மட்டும் ஓடும் பூனை கொஞ்சக் காலத்தில் மிஞ்சாது. எண்ணிக்கை குறைந்த இனத்தில் ஒவ்வொரு குட்டியும் தனித்தனிப் பரம்பரைச் சொத்து, ஒன்று போனாலும் நட்டம் என்பார். அந்தக் கவலை எனக்கும் தொற்றியிருந்தது. நான் சும்மாவே பதறுகிற ஆள்.

அன்று காலை நெல் லொறிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். சம்மாந்துறையில் மில் வைத்திருக்கும் ஆதம்பாவா காக்காவின் (அங்கே அண்ணன் காக்கா, அக்கா ராத்தா) வயலில், முதல் நாள் பின்னேரம் அறுவடைக்காரர் மூன்று காட்டுப்பூனைக் குட்டிகளைக் கண்டெடுத்தார்களாம். 9.40 பஸ்ஸைப் பிடித்தேன். ஆறு மைல், ஒன்றேகால் ரூபா. வழியெல்லாம் நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பஸ் ஒதுங்கி நிற்க, எனக்குக் கால் தரிக்கவில்லை.

மில்லில் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பனையோலைக் கடகம். அதற்குள் மில்லுப் பூனை படுத்திருந்தது, அதன் வயிற்றில் நான்கு குட்டிகள். மூன்று காட்டுக்குட்டி, ஒன்று அதன் சொந்தக் குட்டி.

"பாலில்லாமச் செத்தா அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்ற? நம்மட பூனையும் இப்பதான் ஈண்டிருக்கு, சேர்த்து விட்டுட்டம்" என்றார் காக்கா. பூனையை விரட்டாத வீடு அது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடி பூனைக்குத்தான் போகும்.

இங்கே வளர்ந்தால் இவை மில்லுப் பூனைகளோடுதான் சேரும், காட்டுக்கு மூன்றும் இல்லாமல் போகும் என்று விளக்கினேன். காக்கா யோசித்தார்.

"தாய்ப்பூனை இன்னும் வயலைச் சுத்திக் கத்துதாம். குட்டி கிடந்த மூலையை வெட்டாம விடச் சொல்லியிருக்கன். ஆனா இண்டைக்கு மட்டும்தான் புள்ள. நாளைக்கு வெட்ட வாற ஆக்கள மறிக்க ஏலா."

நேரம் 12.20. குட்டிகளைப் பார்த்தேன். நான்கும் ஒரே மண்ணிறம், ஒரே நீளக் கால். காக்கா சொன்னார்: "எங்கட வீட்டுக்காரி மைமூன் தொழுறா. வரட்டும். எது எதுண்டு அவக்குத்தான் தெரியும்."

எனக்கோ பொறுக்க முடியவில்லை. விலங்கியல் படிக்கிறவளுக்குத் தெரியாதா? காது நுனியையும் வாலையும் பார்த்து மூன்றைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

காக்காவோடு டிரக்டரில் இறக்காமம் வயலுக்கு எட்டு மைல், ஐம்பத்தைந்து நிமிடம். வெட்டாமல் நின்ற நெல்லுக்குள் குட்டிகளை விட்டு, நூறு யார் தள்ளி, வயற்காவல் குடிலான வாடிக்குள் ஒளிந்தோம். வராவிட்டால்? என் கை மணம் பட்டதால் தள்ளிவிட்டால்? காக்கா இரண்டு தரம் தேத்தண்ணீர் நீட்டினார். நான் குடிக்கவில்லை.

4.35க்குத் தாய் வந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குளத்துப் புற்பக்கம் போனது. 5.05க்கு இரண்டாவது. மறுபடியும் வந்தது. மூன்றாவதை நீளமாக மோந்தது. அதைச் சுற்றி நெல்லுக்குள் தேடித் தேடி நடந்தது. பிறகு வெறும் வாயோடு போய்விட்டது.

ஆறு மணி தாண்டியதும் காக்கா எழுந்தார். "யானை இறங்கிற நேரம் புள்ள. வாங்க." கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்தோம். என் மணத்தால்தான் தாய் அதைத் தள்ளியது என்று வழி முழுக்க அழுதேன்.

மில் வாசலில் நின்ற மைமூன் ராத்தா அதை வாங்கிப் புரட்டினார். அடிவயிற்றில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"இது எங்கட குட்டியல்லோ. காட்டுக்குட்டி இஞ்ச கடகத்துக்குள்ள கிடக்கு. எலி பிடிக்க ஒரு காட்டுக் கடுவன் பூனை உமிக்குள்ள வந்து போறது. அதுட சாயல்தான் இதுக்கு. நீங்க ஏமாந்தது புதினமில்ல."

கலப்பதைத் தடுக்கப் போன எனக்கு, கலப்புக்குட்டி கையில் இருந்ததே தெரியவில்லை.

மறுநாள் விடிய, சரியான குட்டியோடு 6.30க்கு வயலில் நின்றோம். அறுக்க வந்தவர்களைக் காக்கா பதினொரு மணிவரை மறித்து வைத்தார். தாய் வரவில்லை. கடைசி மூலையையும் வெட்டினார்கள். குட்டி மில்லுக்கே திரும்பியது. அடுத்த வருடம் காக்கா கடிதம் போட்டார், அது நான்கு குட்டி ஈன்றிருக்கிறதாம், எல்லாம் மில்லு வளர்ப்புக் கடுவனின் நிறமாம். அவர் சந்தோசமாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போகிறவர்களுக்கு: அறுவடைக் காலமென்றால் டிரக்டருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். பின்னேரம் ஐந்தரைக்குள் வயலை விட்டுக் கிளம்புங்கள். வயலில் குட்டியைக் கண்டால் எடுக்காதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். யாராவது எடுத்து வீட்டுப் பூனையிடம் விட்டிருந்தால், காட்டுக்குட்டிகளின் காலில் அடையாளத்துக்கு உடனே நூல் கட்டச் சொல்லுங்கள். எவ்வளவு படித்திருந்தாலும், பால் கொடுக்க வைத்தவரைக் கேட்காமல் பொறுக்காதீர்கள். நான் கையைக் கடகத்துக்குள் விட்டபோது மைமூன் ராத்தாவின் தொழுகை முடியப் பத்து நிமிடம்கூட இருந்திருக்காது.