வண்டி இழுக்கலை

எங்கள் வீட்டில் எதுவும் கிறீச்சிடக் கூடாது. கதவு முனகினாலும் சரி, ஊஞ்சல் சங்கிலி அழுதாலும் சரி, என் கை அடுக்களை அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்விடும். சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. சத்தம் போடுகிற உரிமை இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் என்று அப்பா என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆயுத பூஜை வந்தால் கை இன்னும் நீளும். அரிவாள்மணை, தையல் மிஷின், மிக்ஸி, அப்பாவின் ஸ்பானர் பெட்டி என்று ஒன்று விடாமல் துடைத்து, எண்ணெய் கேட்பதற்கு எண்ணெய் விட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். போன ஆயுத பூஜையன்று காரின் முறை வந்தது. எங்களுடையது டர்போ வைத்த சின்னப் பெட்ரோல் கார். மயிலாப்பூர் சந்துக்குள் டர்போ எதற்கு என்று வாங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஆசை. அந்தக் காரின் முன்பக்கத்திலிருந்து கொஞ்ச நாளாக ஒரு கிணுகிணுப்பு, காலி டம்ளரில் ஸ்பூன் ஆடுகிற மாதிரி. பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு நெம்புகோல். அதுதான் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அகப்பட்டாயா என்று எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த மூட்டில் ஸ்பூனால் நல்லெண்ணெய் விட்டேன். கிணுகிணுப்பு போயே போயிற்று.

அப்பா அப்போது உள்ளே தட்டில் பொரியும் கடலையும் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட் கீலுக்கு எண்ணெய் விட்டதை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எழுபது தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. வியாழக்கிழமைதோறும் அடையாறுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்த் தன் அக்காவை, அதாவது என் அத்தையை, சாப்பாட்டுக்கு அழைத்து வருவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அக்காவை ஆட்டோவில் ஏற விட்டதே இல்லை. அந்த நாளுக்கென்று சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். அம்மா போன பிறகு அவருடைய வாரத்தில் நாள் என்று சொல்லும்படி இருந்தது அந்த ஒரு நாள்தான்.

பூஜை முடிந்து சில வாரத்தில் ஒருநாள் அத்தையை விட்டுவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"வண்டி இழுக்கலைம்மா. பாலத்துல ஏறவே மாட்டேங்கறது. ஒரு மஞ்சள் லைட் வேற எரிஞ்சுது."

மறுநாள் போய்ப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எதுவும் எரியவில்லை. நானே ஓட்டிப் பார்த்தேன். நாலு மாட வீதியையும் சுற்றி, லஸ் முனை வரை போய், வழியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வண்டி ஜம்முனு போறது. நீதான் மிதிக்கறதில்லை" என்றேன்.

"மிதிச்சேன்மா."

"மிதிச்சதா நெனைச்சுண்டிருப்பே."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவள் மாதிரி, பொறுமையாகச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அடுத்த வாரமும் அதே புகார். அதற்கு அடுத்த வாரம் அத்தையே சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். பாலத்து ஏற்றத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்ததாம், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம், இவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாம். நான் ரசம் விட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன்.

"போதும்ப்பா. இனிமே நீ ஓட்ட வேண்டாம். கால்ல பலம் இல்லை, ஒத்துக்கோ. ரெண்டு பேருமா எங்கேயாவது போய் மோதிண்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை இலையைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, துடைத்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு மோர்சாதம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மோர் இல்லாமல் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. பார்த்தும், சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

அதன் பிறகு அத்தை டாக்ஸியில் வந்தாள். அப்பா இஸ்திரி போடுவதை விட்டார். ஒருநாள் காலையில் காபி கொண்டுபோனால், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எடை பார்க்கும் மிஷின்மேல் வலது காலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். முள் எவ்வளவு தூரம் போகிறது என்று குனிந்து பார்க்கிறார். மறுபடியும் அழுத்துகிறார்.

"என்னப்பா, காலுக்கு மட்டும் தனியா எடை பாக்கறியா?" என்று கேலி பண்ணினேன்.

"சும்மாதான்மா" என்று காலை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. டாக்ஸி எதுவும் வரவில்லை. நானே போகிறேன் என்று காரை எடுத்தேன். போகும்போது ஒன்றும் இல்லை. ரோடு காலியாக இருந்ததால் விரட்டிக்கொண்டே போனேன். அத்தையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அடையாற்றுப் பாலத்து ஏற்றத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி தளர்ந்தது. மிதித்தேன். இன்னும் மிதித்தேன். கால் தரையில் முட்டியது. வண்டி மாட்டுவண்டி வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் பிளாஸ்டிக் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, கால்ல பலம் இல்லியா? மிதிச்சு ஓட்டு!"

பின்சீட்டில் அத்தை, "அவன் ஓட்டினப்பவும் இப்படித்தான் இருந்துது" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு முகம் திகுதிகுவென்று எரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேனா? இல்லை. முதலில் என்னவென்று தெரியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, "சர்வீஸுக்கு விடறேன்" என்று மட்டும் சொல்லி ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கொண்டுபோனேன். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர் ஆதம்பாக்கத்துக்காரர். போனில் உருதுவும் நம்மிடம் தமிழுமாக ஓயாமல் பேசுகிறவர். பேச்சில் ஊரையே விற்றுவிடுவார். கதையைக் கேட்டதும் "பிளக்குதான்" என்று அடித்துச் சொல்லி, பிளக்கை மாற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, தெருமுனை வரை ஓட்டிக் காட்டி, "முடிஞ்சுச்சுக்கா" என்றார். நான் கத்திரிக்காய் வாங்கப் போன மாதிரியேதான். மறுநாள் பாலத்தில் மறுபடியும் படுத்துக்கொண்டது.

இரண்டாம் தடவை கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டு பார்த்தார். எஞ்சினுக்குள் நடப்பதைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு கிண்டி மேம்பாலத்தில் விரட்டினார். முதல் தடவை சுகமாக ஏறியது. திரும்பி வந்து மறுபடி ஏறும்போது படுத்தது. ஸ்கேனரில் காற்றழுத்தம் ஏறவே இல்லை.

டர்போ என்பது இதுதான்: எஞ்சின் கக்குகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்ற, அது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். காற்று மிஞ்சினால் புகையை வேறு வழியாக விட ஒரு குட்டிக் கதவு. அந்தக் கதவை ஒரு கம்பியால் தள்ளித் திறந்து மூடுவது ஆக்சுவேட்டர். கதவு மூடாமல் நின்றுவிட்டால் காற்று ஏறாது, வண்டி இழுக்காது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் கதவு திறக்கவே வேலையில்லை. விரட்டினால்தான் திறக்கும், திறந்தபின்தான் மாட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆறியதும் தானே மூடிக்கொள்ளும், மஞ்சள் விளக்கும் அணைந்துவிடும். மாட வீதியில் நான் பண்ணிய சோதனையின் லட்சணம் இதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் கைப்பம்பை வைத்து ஆக்சுவேட்டருக்குக் காற்று அடித்தார். கம்பி வெளியே வந்தது. காற்றை விட்டார். கம்பி திரும்பவில்லை. ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார். டக்கென்று உள்ளே போயிற்று.

"ஒட்டிக்கினு கீதுக்கா. பாத்தீங்களா?"

பார்த்தேன். நான் எண்ணெய் விட்ட அதே மூட்டு. மேலே கறுப்பாக, தோசைக்கல் ஓரத்தில் ஏறியிருக்கிற கரி மாதிரி பளபளவென்று ஒரு பூச்சு. அவர் சூடு காட்டிச் சுரண்டினார். வாசனை வந்தது. இத்தனை வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு, கருகின நல்லெண்ணெய் வாசனையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஆரோ எண்ணெய் ஊத்திக் கீறாங்க. இந்தச் சூட்டுக்கு அது கருகிக் கோந்தாயிடும். லேசா கிணுகிணுன்னா வுட்டுடணும்க்கா, அது ஒண்ணும் பண்ணாது. வூட்ல அப்பா கீறாரு இல்ல? பெருசுங்களுக்குக் கை சும்மா இருக்காது."

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. ஸ்பானரும் கையுமாக நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"இருக்கும்."

சுத்தம் பண்ணி, சூடு தாங்கும் கிரீஸ் தடவி, மறுநாள் அவரே காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். கேட்டைத் திறந்தது அப்பா. ஜன்னல் வழியாக எல்லாம் காதில் விழுந்தது.

"அய்யா, வண்டி சூப்பரா கீது. இனிமே எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க, இன்னா? அதனாலதான் இழுக்காம போச்சு."

"எண்ணெயா? நானா?"

"அக்காதான் சொன்னாங்க."

நான் ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். கால் நகரவில்லை. உண்மையில் பலமில்லாத கால் யாருடையது என்று அப்போது தெரிந்தது.

"ஊத்தியிருப்பேன்" என்றார் அப்பா. "எனக்கு ஞாபகம் இல்லை."

ஒர்க்‌ஷாப்காரர் போன பிறகுதான் வெளியே வந்தேன். அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது ஊற்றினோம் என்று தேடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நடக்காத ஒன்றை எங்கே தேடி எடுப்பார்?

"அப்பா, நீ இல்லை. நான்தான் விட்டேன். ஆயுத பூஜை அன்னிக்கு."

"போறது விடு."

"நெஜமாப்பா. ஒர்க்‌ஷாப்ல அவர் கேட்டப்போ வெக்கப்பட்டுண்டு உன்மேல போட்டுட்டேன். உன் காலும் நன்னாத்தான் இருக்கு. பாலத்துல எனக்கும் இழுக்கலை."

பானெட்டை மூடினார். என் தலையில் கையை வைத்தார்.

"காலுன்னு சொன்னே, கஷ்டமாத்தான் இருந்துது. இப்ப ஞாபகமும் போறதுன்னா போகட்டும். அதுக்காக நீ உன் தலையில போட்டுக்காதே."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. அடுத்த வியாழக்கிழமை, எந்த இடத்தில் சாவியை வாங்கினேனோ அதே இடத்தில், அத்தை எதிரிலேயே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிச் சாவியை அப்பா முன்னால் வைத்தேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா, உன்னை விட்டுக்குடுக்கவே மாட்டேங்கறா. இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?" என்றாள்.

எனக்கு அந்த இலையிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. வீடே அதிரும்படி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், அத்தனையையும் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னேன், அதைப் பாசம் என்றார்கள்.

அப்பா சாவியைத் தொடவில்லை. மோர்சாதம் சாப்பிட்டார். இப்போது எந்தப் பொருளை எங்கே வைத்தாலும், வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறார். கேஸை அணைத்தாயிற்றா என்று என்னைப் பார்க்கச் சொல்கிறார். முன்பெல்லாம் என் செல்போன் எங்கே என்று நான் அவரைக் கேட்கிற வீடு இது.

வியாழக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். பாலத்தில் கார் ஜோராக ஏறுகிறது. போன வாரம் திரும்பி வந்து கேட் முன்னால் நிறுத்தியபோது, அந்தக் கிணுகிணுப்பு மறுபடியும் கேட்டது. அவர்தான் முதலில் கவனித்தார்.

"அந்தச் சத்தம் கேக்கறதும்மா. நான் பாட்டுக்கு மறந்துபோய் மறுபடியும் எண்ணெய் விட்டுடப் போறேன். அந்தக் கிண்ணத்தை எனக்கு எட்டாத இடத்துல வெச்சுடேன்."

உள்ளே போனதும் நினைவாக மறுபடி கேட்டார். வேறு வழி தெரியவில்லை. அவர் கண்முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு ஏறி, கிண்ணத்தைப் பரண்மேல் வைத்தேன். அப்பா ஸ்டூல் ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டார்.

"நன்னா உள்ளே தள்ளி வை" என்றார்.