கயிறு கட்டாத கை

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த வாய்க்கால் தண்ணீரின் நாற்றம், சாணமும் அழுகின வைக்கோலும் கலந்த நாற்றம், தொண்டைவரை வந்து குமட்டும். சபையைக் குறை சொல்லலாமா என்ற பயமும் சேர்ந்துகொள்ள, மூடி வைத்துவிடுவேன்.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, எனக்கு ஒன்பது வயதிருக்கையில், ஒரு கோடையில் எங்கள் ஊருக்கு வாந்திபேதி வந்தது. தாமிரபரணி நாலு மைலுக்கு அப்பால். வாய்க்காலோ அடைபட்டுக் குட்டையாய்த் தேங்கிக் கிடந்தது. ஊரார் அம்மனுக்குக் கொடை விழா நேர்ந்து, மஞ்சள் கயிற்றில் 'காப்பு' கட்டியவர்கள்தான் கிணற்றில் தண்ணீர் 'கோரலாம்' என்று கட்டுப்பாடு போட்டார்கள். கிறிஸ்தவர்களான நாங்கள் ஆறு வீட்டார். எங்கள் உபதேசியார் மணியடித்துக் கூட்டி, "கயிறு கட்டுன கைக்கு நற்கருணை கிடையாது, சொல்லிட்டேன்" என்று கண்டித்தார்.

அப்பா கொழும்பில். தங்கை கிருபைக்குப் பேதி கண்டதும் அம்மா குடத்தோடு கிணற்றடிக்கு ஓடினாள். காவலிருந்த பெரியவர் கயிற்றை நீட்டினார்.

"கட்டிட்டு எத்தன குடம் வேணும்னாலும் கோரிக்கோம்மா. இல்லன்னா ஒங்க சாமிட்டயே கேளு, மேல இருந்து ஊத்துதாரான்னு பாப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி, வாய்க்கால் தண்ணீரை முந்தானையில் வடித்துக் காய்ச்சினாள். காய்ச்சியும் நாற்றம் போகவில்லை. பிள்ளை அதை விழுங்காமல் துப்பினாள். மறுநாள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அம்மாவைக் கைகாட்டி, "விசுவாசம்னா இது" என்று கண் கலங்கப் பிரசங்கித்தார். என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அவர் மகளின் நீளக்கை ரவிக்கை சற்று மேலேறியது. உள்ளே மஞ்சள் கயிறு!

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும்ட்டி. புள்ளைக்கு ஒரு செம்பு தண்ணி கேட்டு அவங்க வீட்டுக்குப் போனேன்லா? பானையில அடி தெரியத் தெளிஞ்சு நின்னுது. எங்க, கிணத்துத் தண்ணின்னு வெளிய தெரிஞ்சிருமோன்னு, அந்தம்மா 'இல்ல'ன்னுட்டா."

"பொறவு ஏன்மா இங்க வார?"

"உபதேசியாரப் பாத்தா நான் ஏசுவப் பிடிச்சேன், அவரு விட்டதும் விடுததுக்கு?"

சாகும்வரை அம்மா ஒரு ஆராதனைக்கும் தவறவில்லை.

இப்போது அந்தக் கிணறு தூர்ந்துபோயிற்று, கட்டுப்பாடும் இல்லை, பேதிக்கு ஊசி போடுகிறார்கள். உபதேசியார் பெயர் மட்டும் எங்கள் கோயில் சுவரில் சலவைக்கல்லில் இருக்கிறது. எங்கள் சபையில் இதைச் சொல்கிறவர்கள் ஊரார் செய்த கொடுமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு அருவருப்பாயிருக்கிறது.

வாசிக்கிற நீங்கள் பிறருக்குச் சொன்னால், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். அம்மா உபதேசியாரைச் சபித்தாள் என்றும் சேர்க்காதீர்கள். அவள் சபிக்கவில்லை. சபித்தவள் நான், அதை நிறுத்தும் பெலத்துக்காகத்தான் இன்னமும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.