அத்தை கொடுத்த மரியாதை

சித்தப்பா குடுமியை எடுத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை பிறந்தது.

மாரிகுப்பத்தில் ஒரு நாவிதன் துரைமார்களுக்குக் கிராப்பு வெட்டிப் பழகியவனாம். அவனிடம் தலையைக் கொடுத்துவிட்டு, பின்கழுத்தைத் தடவிக்கொண்டே ஊரிகம் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனுக்குள் வந்தார் சித்தப்பா. குழந்தைகள் எல்லாரும் ஊர்வலமாகப் பின்னால் ஓடினோம். எனக்கு அப்போது ஆறு வயது. கிராப்புத் தலையை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அத்தை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. கைக்குழந்தையிலேயே தாயை இழந்த சித்தப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலை தேடி நடந்து வந்த வழியெல்லாம் அந்தக் குடுமிக்கு எண்ணெய் வைத்து முடிந்தவள். கோபம் வந்தால் அதைப் பிடித்து உலுக்குகிறவளும் அவள்தான். அவள் வாய்க்கு லைனே நடுங்கும். மேஸ்திரியைக்கூட 'இன்னாய்யா' என்பாள். சித்தப்பாவுக்கு விடிந்தால் "எழுந்து தொலைடா எரும". ஷிப்டுக்குக் கிளம்பினால் "பாடையில போறவனே, கஞ்சிய குடிச்சிட்டுப் போடா".

அப்பேர்ப்பட்ட அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அந்தத் தலையை ஒரு தடவை பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. தண்ணி வேணுங்களா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைமுடியை வெட்டிக்கொண்டதற்கே ஒருவர் இவ்வளவு பெரிய மனிதர் ஆகிவிட முடியுமா?

அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு ராஜ உபசாரம்தான். சாப்பிடுங்க, படுங்க, போய்ட்டு வாங்க. அத்தை குரல் உயரவே இல்லை. நானும் விடவில்லை, "சித்தப்பா வாங்க, சித்தப்பா போங்க" என்று ஆரம்பித்தேன். "நீயுமாடி?" என்று என் தலையில் குட்டினார். அவருக்குப் போட்ட சோறு பாதி தட்டிலேயே கிடக்கும். பெரிய மனிதர்களுக்குப் பசிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, ஷிப்டுக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யக்கா, முடிதானே, வளந்துடும். ரெண்டு திட்டு திட்டிடுக்கா, நிம்மதியா போறேன்."

"நான் யாருங்க உங்கள திட்டறதுக்கு? நேரமாவுது, போய்ட்டு வாங்க."

சித்தப்பா பின்கழுத்தைத் தடவிக்கொண்டே போனார். அத்தை அவர் போன திசையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள்.

வெயில் ஏறிய நேரத்தில் தரை அதிர்ந்தது. அடுப்பின் மேலிருந்த பானை ஆடியது. பூமிக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று லைனில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சங்கு ஊத ஆரம்பித்தது. அப்பாவுக்கு மேலே, கல் அரைக்கும் மில்லில் வேலை. கீழே இறங்கியிருந்தவர் சித்தப்பா. அத்தை தலைவிரிகோலமாக ஓடினாள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்கு மேலே இருந்த பெரிய சக்கரம் நின்றுபோயிருந்தது. பகலில் அது நின்று நான் பார்த்ததே இல்லை. அத்தனை பெண்கள் கூடியிருந்தும் ஒரு சத்தம் இல்லை. அத்தையின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அந்த வாய் ஓய்ந்துபோனதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கடைசியில் சக்கரம் சுழன்றது. கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. மறுபடி இறங்கி, மறுபடி வந்தது. அப்படி வந்த ஒரு கூட்டத்தில் தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதியாக, நெற்றியில் ரத்தத்தோடு, தன் காலாலேயே நடந்து வந்தார் சித்தப்பா.

அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கை அவர் பின்தலையில் குடுமியைத் தேடியது. அது அகப்படாமல் கழுத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"பாடையில போறவனே! கட்டையில போறவனே! உன்ன மண்ணு மூடாம வுட்டுச்சே! மொட்டத் தலையா, எரும மாடே, என்னைய வுட்டுட்டு எங்கடா போவப் பாத்த?"

அப்படி ஒரு குரலை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. துரைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. வாய் வைதுகொண்டே இருக்க, கைகள் அவர் தோளையும் விலாவையும் தடவித் தடவிப் பார்த்தன. சித்தப்பா தலைகுனிந்து நின்றார். புழுதி அப்பிய முகத்தில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

"திட்டுக்கா," என்றார். "திட்டு."

வீட்டுக்கு வந்து அவர் சோற்றின் முன் உட்கார்ந்தபோதும் கண்ணில் ஈரம் காயவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன்.

"அழாதீங்க சித்தப்பா. நாளைக்கு அத்தை மறுபடியும் உங்களுக்கு மரியாதை குடுக்கும்."

சித்தப்பா பதறிப்போய் என் வாயைப் பொத்தினார். "ஐயோ, சும்மா இருடி!" என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"டேய் எரும!" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது. "சோத்த வச்சிக்கினு அங்க இன்னாடா பேச்சு?"

சித்தப்பா சிரித்தபடி தட்டை வழித்துச் சாப்பிட்டார். இவ்வளவு பெரிய மனிதராக இருந்தவருக்கு இந்தக் கதி வந்துவிட்டதே என்று அவருக்காக நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.