முதல் வலை மீன்

என் அண்ணன் மர்சலினைப் போல ஓர் அப்பாவி சாந்தோம் கடற்கரையில் பிறந்ததே இல்லை. நான் அவன் தங்கை ஜோன். இதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு, ஆத்திரமும் உண்டு.

அப்பா தேசப்பன் கட்டுமரக்காரர். அம்மா மயிலாப்பூர் தெருக்களில் மீன் கூடை சுமந்துதான் அவனை பி.ஏ. ஹானர்ஸ் வரை படிக்கவைத்தாள். படிப்பு முடிந்ததும், ஞானஸ்நானத்தில் அவனைக் கையேந்திய ஞானத்தகப்பன் வேதநாயகமே தம் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் விலங்கியல் புரொபசர், எங்கள் மாதா கோயில் பங்கின் பெரிய மனிதர்.

நெத்திலி எந்தப் பருவத்தில் முட்டையிடுகிறது, முட்டை எப்படிக் குஞ்சாகிறது என்று அண்ணன் மைக்ராஸ்கோப்பே கதியாகக் கிடந்தான். அப்பாவோடு கட்டுமரம் ஏறிக் கடல்நீர் மொண்டு வருவான். கட்டுரையையும் அவனே எழுதினான். எழுதி என்ன செய்தான் தெரியுமா? தன் பெயரை விட்டுவிட்டு வேதநாயகத்தின் பெயரை மட்டும் போட்டான்!

எங்கள் குப்பத்தில் புது வலையின் முதல் மீனை வலைக்காரன் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். மரியாதைக்குரியவர் வீட்டில் கொடுத்துவிடுவான். அடுத்த முறை வலையில் படுவதிலிருந்துதான் அவனுக்கு.

"முதல் கட்டுரை ஐயாவுக்கு, ஜோன். அடுத்தது எம் பேர்ல" என்றான். ஐயாவும் "தங்கமான புள்ளடா நீ" என்று வாங்கிக்கொண்டார். அடுத்தது வலைக்காரனுக்கு என்று தெரிய, அவர் மீன் வலை பார்த்தவரா என்ன?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் ஓர் அறக்கட்டளை, ஒருவரை லண்டனுக்கு அனுப்பி, டாக்டர் பட்டம் வாங்கும்வரை ஆராய்ச்சிச் செலவு முழுவதும் ஏற்பதாக அறிவித்தது. அண்ணனுக்கு அதுதான் உயிர். விண்ணப்பித்தான். ஐயாவின் மகன் ஹென்றியும் விண்ணப்பித்தான். ஹென்றிக்கு நெத்திலி தட்டில் பொரித்து வந்தால்தான் தெரியும்.

நேர்காணலில் ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம்: "புரொபசருக்கும் அவர் மகனுக்கும் மீன் பிடித்துக் கொடுத்தவன் நீதானே?" ஆராய்ச்சி தாமும் மகனும் செய்தது, இவன் மீன் பிடித்துத் தந்தவன் என்று சிபாரிசுக் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தவர் ஐயாதான். இடம் ஹென்றிக்குப் போயிற்று.

அண்ணன் நேரே அவர் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"ஐயா, அது என் வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயாத்தானே மர்சலின் குடுத்தே? குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது உங்க ஜனங்ககிட்ட வழக்கமா?"

அடப்பாவி! சிலுவையடியில் முழந்தாள் போடுகிற வாயா அது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணன் படியிறங்கி வந்துவிட்டான்.

அடுத்த வாரம் ஐயா ஆள் அனுப்பினார். கப்பலேறுமுன் ஹென்றிக்கு முட்டைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமாம். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கமா இல்ல உனக்கு? எல்லாத்தியும் சொல்லிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். ஹென்றி டாக்டராயி வந்தா அவங்கிட்ட எனக்கு உதவியாள் வேலை போட்டுத் தர்றாராம்."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்." அவன் கண்ணில் நீர் கொட்டியது. "மைக்ராஸ்கோப்பு அங்கதானே கீது, ஜோன். வேற எங்க போய்ப் பார்ப்பேன்?"